என்றும் பிப்ரவரி ஒன்பது

முதலில் பெயர் வைக்க வேண்டும்.
பட்டன்களுக்கு, பட்டியல்களுக்கு,
மூலையில் ஒண்டியிருக்கும் அந்தப் பெருக்கல் குறிக்கும்.
சோதிக்க வரும் இயந்திரத்துக்குக் கண் கிடையாது.
மேலே வலப்பக்கம், நீலமாக இருக்குமே என்றால்
விழிக்கும்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வந்து தொடும்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் ஔலுவின் டிசம்பரில்
நூற்றெழுபது பெயர்கள் வைத்தேன்.
என் பூனைக்கு இன்னும் வைக்கவில்லை.

பிறகு அசைவுகள்.
வழுக்கி வரும் திரை, துள்ளி நிற்கும் அம்பு,
அய்ரி மூன்று வாரம் செதுக்கிய அலங்காரம் எல்லாம்
ஒரே வரியில் அணைத்தேன்,
அவள் முகத்தைப் பார்க்காமல்.

பிறகு கடிகாரம்.
சோதனைக்குள் காலம் ஓடக் கூடாது.
பிப்ரவரி ஒன்பது, காலை பத்து மணி
என்று ஆணி அடித்தேன்.

பிறகு கடல்.
எங்கள் செயலிக்கு ஒரே வேலை:
ஹைலுவோட்டோ தீவுக்குப் போகும் வழியில் கடல்
கார் தாங்கும் அளவுக்கு உறைந்துவிட்டதா
சொல்ல வேண்டும்.
நிஜமான கணக்கு, துளை போட்டு அளப்பவர்களிடமிருந்து வரும்.
மாறும். தாமதிக்கும். சில நாள் வராது.
இயந்திரத்துக்கு அது ஆகாது.
ஆகவே ஒரு பொய் சர்வர்.
எத்தனை முறை கேட்டாலும் கிளிப்பிள்ளை போல
நாற்பத்தாறு சென்டிமீட்டர்,
சாலை திறந்திருக்கிறது,
நாற்பத்தாறு சென்டிமீட்டர்,
சாலை திறந்திருக்கிறது.

சிமுலேட்டரில் எல்லாம் பச்சை.
சிமுலேட்டருக்குக் குளிராது,
கையுறை போட்ட கட்டைவிரல் தெரியாது,
மைனஸ் இருபத்தேழில் பேட்டரி பொசுக்கென்று சாவது தெரியாது.
ஏட்டுச் சுரைக்காயை மூடிவைத்துவிட்டு
நிஜ போன்களுக்கு வந்தோம்.
அலமாரியில் முப்பத்தொன்று, வயிற்றில் வயரோடு.
ஒன்று பாதியில் 'புதுப்பிக்கவா?' என்னும்.
ஒன்று 'இருப்பிடத்தை அறிய அனுமதி உண்டா?' என்று
வாசலை மறித்து நிற்கும்.
எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே 'சரி' சொல்லிவைத்தோம்.
பூட்டுகளைக் கழற்றினோம்.
திரைகளைத் தூங்க விடவில்லை.

பழைய மாடல் ஒன்று குறைந்தது.
வில்ப்பு தன் சொந்தப் போனைக் கொடுத்தான்,
இரண்டு நாளில் திரும்ப வாங்கிக்கொண்டான்.
தீவுக்காரன். வாரக்கடைசியில் வீட்டுக்குப் போகிறவன்.

மார்ச்சின் கடைசி வெள்ளி, இரவு பத்தேகால் இருக்கும்.
அழைத்தான்.
எஞ்சின் சத்தம், வைப்பர் சத்தம்.
"மழை பெய்கிறது."
"இங்கேயும்."
"கரையில் நிற்கிறேன். முன் சக்கரம் சரிவில் இருக்கிறது.
தடுப்புக் கம்பத்தை யாரும் இன்னும் இறக்கவில்லை.
உன் செயலி நாற்பத்தாறு என்கிறது."
நான் வாய் திறக்கவில்லை.
"திறந்திருக்கிறது என்கிறது.
இப்போது காலை பத்து மணி
என்றும் சொல்கிறது."

சிரித்தான் என்று நினைக்கிறேன்.
வைப்பராகவும் இருக்கலாம்.
ரிவர்ஸ் கியர் விழுந்த ஓசையை மட்டும்
தெளிவாகக் கேட்டேன்.

திங்கட்கிழமை வேறு எதையும் தொடவில்லை.
அசல் ஐகான் நீலம்.
சோதனைப் பதிப்பின் ஐகானை மஞ்சளாக்கினேன்,
தூரத்திலிருந்து பார்த்தாலும் கண்ணைக் குத்தும் மஞ்சள்.
அடியில் 'பொய்' என்று பெயர் போட்டேன்.
'சோதனை' என்று மாற்றேன் என்றார் மேலாளர்.
கேட்டுக்கொண்டேன். மாற்றவில்லை.
அய்ரி வந்து, ஒன்றும் பேசாமல்,
மஞ்சளுக்குக் குறுக்கே
மயிரிழை போல ஒரு விரிசல் வரைந்துவிட்டுப் போனாள்.
அது அசையவில்லை.

வில்ப்பு போனை மேசையில் வைத்தான்.
அதற்குள் இன்னும் பிப்ரவரி ஒன்பது,
கெட்டியான கடல், நல்ல வெளிச்சம்.
நீலத்தை அழுத்திப் பிடித்தேன்.
'நிச்சயமாக நீக்கவா?' என்று கேட்டது.
அந்தக் கேள்விக்கு மட்டும்
நாங்கள் யாரும் பதில் எழுதி வைத்திருக்கவில்லை.
விரல் சில்லிட்டிருந்தது.
இரண்டாவது முறைதான் திரைக்கு உறைத்தது.